32,767-ஐத் தாண்டிய ராக்கெட்

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. முதன்மை எஞ்சின் பற்றவைக்கப்பட்டு 37 விநாடி ஆனபோது ராக்கெட் சட்டென்று பாதை மாறியது. அடுத்த சில விநாடிகளில் காற்றின் விசை தாங்காமல் உடைந்து வெடித்தது. எஞ்சினிலோ எரிபொருளிலோ கோளாறு எதுவும் இல்லை. கோளாறு இருந்தது, முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டுகளில் ஒழுங்காக வேலை செய்துவந்த ஒரு சாஃப்ட்வேரில்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியவில்லை. டெஸ்டிங் என்றால் புரோகிராமை ஓட்டிப் பார்த்து, விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லா உள்ளீடுகளையும் கொடுத்துப் பார்க்க முடிந்தால் அது போதும். ஆனால் 32 பிட் எண்கள் (0 அல்லது 1 நிரம்பும் 32 இடங்களில் எழுதப்படுபவை) இரண்டை வாங்கிக் கூட்டும் ஒரு சின்ன நிரலுக்கே சுமார் 1.8 கோடி கோடி லட்சம் சேர்க்கைகள் உண்டு. விநாடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே டெஸ்டரின் உண்மையான வேலை, எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பது.

அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒரே மாதிரி நடந்துகொள்ளும் உள்ளீடுகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வது ஒன்று. குழுக்களின் எல்லைகளில் அழுத்திப் பார்ப்பது இன்னொன்று. பிழைகள் பெரும்பாலும் நடுவில் இருப்பதில்லை, ஓரங்களில்தான் பதுங்குகின்றன. 16 பிட்டில் குறியுடன் சேமிக்கும் முழு எண்ணின் உச்சம் 32,767. அனுபவமுள்ள டெஸ்டர் 500-ஐயும் 600-ஐயும் கொடுத்து நேரத்தை வீணாக்க மாட்டார். 32,766, 32,767, 32,768 மூன்றையும் கொடுத்துப் பார்ப்பார்.

ராக்கெட்டைக் கவிழ்த்தது இந்த எல்லைதான். ராக்கெட் எப்படிச் சாய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிடும் கருவியில், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று இருந்தது. ஏரியான் 4-இன் பாதையில் அந்த மதிப்பு எல்லையைத் தொட வழியில்லை. ஏரியான் 5-இலோ கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. எண் அடங்காமல் போனதும் கருவியின் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

மாற்றுக் கருவி இல்லையா என்றால், இருந்தது. அதிலும் அதே சாஃப்ட்வேர். அதனால் அது விநாடியின் ஒரு சிறு பகுதிக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது! வன்பொருள் எங்காவது தற்செயலாகப் பழுதாகும் என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. வடிவமைப்பிலேயே பிழை இருந்தால் இரண்டு பிரதி வைத்தாலும் இருபது வைத்தாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் விழும். நின்றுபோன கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைப் பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்ட பிரதான கணினி, தேவையே இல்லாமல் எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தக் கணக்கு ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு எதற்கும் பயன்படாது. கவுன்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்கலாம் என்று பழைய ராக்கெட்டுக்காகச் செய்த வசதி, புதியதிலும் அப்படியே தங்கி, பறக்கத் தொடங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, சோதனையில் ஏன் மாட்டவில்லை? கருவியைத் தனியாகச் சோதித்தார்கள், அதில் தேறியது. ஆனால் ஏரியான் 5-இன் பாதை விவரங்கள் அந்தக் கருவிக்கான தேவைக் குறிப்பிலேயே இல்லை. முழு ராக்கெட்டையும் ஒரே அமைப்பாகச் சோதித்தபோது, அசல் கருவி இருக்க வேண்டிய இடத்தில் அதுபோல நடிக்கும் ஒரு புரோகிராமை வைத்தார்கள். அது ஏற்கெனவே தேறிய கருவிதானே என்ற நம்பிக்கை. இன்றைய அலுவலகங்களில் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியபின், அவற்றை இணைத்துச் சோதிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்டைச் சுருக்கும்போது செயல்படுவதும் இதே நம்பிக்கைதான். விபத்துக்குப் பிறகு, ராக்கெட் உண்மையில் பறந்த பாதையைக் கணினியில் கொடுத்து அந்த சாஃப்ட்வேரை ஓட்டினார்கள். தோல்வி வரிசை மாறாமல் அப்படியே மறுபடி நடந்தது. அதாவது, ஏவுவதற்கு முன்பே ஒரு மேசைமேல் கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழை அது.

ஒரு சாஃப்ட்வேர் தேறியது என்றால், நாம் அமைத்த சூழலில், நாம் கொடுத்த உள்ளீடுகளுக்குத் தேறியது. சூழல் மாறினால் பழைய சான்றிதழ் செல்லாது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய டெஸ்ட் கேஸ்களையே திரும்ப ஓட்டும் ரெக்ரஷன் டெஸ்டும் இங்கே தனியாகக் காப்பாற்றாது. புதிய சூழலின் எண்களை உள்ளே விட வேண்டும்.

ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. பறக்கும்போது தேவையில்லாத எந்த நிரலும் ஓடக்கூடாது. முடிந்தவரை அசல் கருவிகளையே இணைத்து, நிஜத்துக்கு நெருக்கமான தகவலைக் கொடுத்து முழுச் சோதனை நடத்த வேண்டும் என்றது. இவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு பரிந்துரையும் உண்டு. எண் அடங்காமல் போகும் ஆபத்துள்ள ஏழு மாறிகளில் (நிரல் மதிப்புகளை வைத்துக்கொள்ளும் இடங்கள்) நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்து மூன்றை விட்டிருந்தார்கள். கணினியின் பளுவை 80 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அந்த மூன்றையும் ஏன் விட்டோம் என்ற விளக்கம் மூல நிரலில் எங்கும் இல்லை. ஒரு முடிவை எந்தக் காரணத்தால் எடுத்தோம் என்று சொல்லும் ஆவணங்களுக்கும் நிரலுக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுங்கள் என்று குழு கேட்டது. புதிதாக ஒரு மாட்யூலைக் கையில் வாங்கும் டெஸ்டர், டெஸ்ட் கேஸ் எழுத உட்காருவதற்கு முன் முதலில் கேட்க வேண்டியதும் அந்தக் காரணங்களைத்தான்.