கம்பியை விடாத கறி

மதுரை அண்ணா நகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் ஈரானிய கபாப் கடை இருக்கிறது. மொத்தமே பத்து மேசை. வாசலை ஒட்டி நீளமான இரும்புத் தொட்டி, அது நிறையக் கங்கு. மாஸ்டர் மேலூர்க்காரர், துபாயில் ஈரானியர் ஒருவரின் உணவகத்தில் பல வருடம் அடுப்படியில் நின்றவர். குடும்பத்தோடு போனால் பிள்ளைகள் நேராக ஏசி பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் தொட்டி ஓரமாகவே நிற்பேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது.

அதன் பெயர் கூபிதே. பாரசீகத்தில் ‘இடித்தது’ என்று பொருள். கல்லில் வைத்துக் கறியை இடித்துச் செய்த காலத்துப் பெயர் அது. இன்றைக்கு மெஷினில் அரைத்த கொத்துக்கறி. அதை இரண்டு விரல் அகலத் தட்டைக் கம்பியில் அப்பி, தொட்டியின் இரு விளிம்பிலும் தாங்க வைத்துவிடுகிறார்கள். அடியில் வலைக் கம்பி கிடையாது. கறி நெருப்புக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறது. முட்டை சேர்ப்பதில்லை, மாவு சேர்ப்பதில்லை. ஆனாலும் விழுவதில்லை.

கோலா உருண்டை சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் இது உறுத்தும். பொட்டுக்கடலை மாவு குறைந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்து போவதை நம் அடுப்படிகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அப்படியிருக்க இந்தக் கறியைப் பிடித்து வைத்திருப்பது எது?

கறிதான். பசை அதற்குள்ளேயே இருக்கிறது.

நாம் கறி என்று வாங்குவது ஆட்டின் தசை. தசை நார்களுக்குள் மயோசின், ஆக்டின் என்று இரண்டு புரதங்கள் இழை இழையாக அடுக்கிக் கிடக்கின்றன. இவை ஒன்றையொன்று பற்றி இழுத்ததால்தான் அந்த ஆடு நடந்தது, மேய்ந்தது. இவற்றில் மயோசினுக்கு ஒரு குணம் உண்டு. வெறும் தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது. உப்புத் தண்ணீரில் கரையும். கிலோ கறிக்குச் சுமார் 15 கிராம் உப்புப் போட்டுப் பிசையும்போது, உப்பு அந்த இழைகளைத் தளர்த்துகிறது, கை அவற்றைச் சிதைக்கிறது, மயோசின் வெளியே வந்து கறித் துணுக்குகளின் மேல் பசையாகப் படிகிறது. முதலில் உதிரியாகக் கிடந்த கொத்துக்கறி, பத்து நிமிடப் பிசைதலில் இடியாப்ப மாவு மாதிரி ஒரே திரளாகிவிடும். மாஸ்டர் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. “இது நின்னா கம்பியிலயும் நிக்கும்ணே” என்றார்.

பிறகு சூடு படும்போது இன்னொன்று நடக்கிறது. 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் சுருள் அவிழ்ந்து, பக்கத்து இழைகளோடு பின்னி, வலையாக இறுகுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வாணலியில் கட்டியாகிறதே, அதே வேலை. அந்த வலைக்குள் கொழுப்பும் சாறும் சிறைப்படுகின்றன.

கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை ஏன் தேவைப்படுகிறது என்பதும் இங்கே பிடிபடுகிறது. பல வீடுகளில் கறியை முதலில் மசாலாவோடு வதக்கி, பிறகுதான் அரைக்கிறோம். வதக்கும்போதே மயோசின் இறுகி முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் எவ்வளவு பிசைந்தாலும் ஒட்டாது. அந்த இடத்தைப் பொட்டுக்கடலை மாவு நிரப்புகிறது. பெயர் தெரியாத புரதத்துக்கு நம் பாட்டிகள் கண்டுபிடித்த மாற்று அது. எனக்கு அது பெரிய வியப்பு.

சென்ற வருடம் மொட்டை மாடியில் நானே செய்து பார்த்தேன். கம்பியைத் தூக்கி வைத்த ஒரு நிமிடத்தில் பாதிக் கறி கங்கில் விழுந்தது. மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “வெங்காயத்தைப் பிழிஞ்சீங்களா?” பிழியவில்லை. பல்லாரி வெங்காயத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 90 பங்கு தண்ணீர். துருவி அப்படியே போட்டால் பசை நீர்த்துப் போகும். “தண்ணி இருந்தா கறி கம்பிய விட்டு எறங்கிரும்ணே. துணியில கட்டி முறுக்கிப் பிழிஞ்சு, சக்கையை மட்டும் போடணும்.”

இரண்டாவது தப்பு, நான் பிசைந்த நேரம். சித்திரை மத்தியானம். கூபிதேயில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்க வேண்டும். ஈரானில் வாலில் கொழுப்பு மூட்டையாகத் தொங்கும் செம்மறிகள் உண்டு. அந்த வால் கொழுப்பைச் சேர்ப்பார்கள். இங்கே மாஸ்டர் தொடைக்கறியோடு நெஞ்சுக்கறியும் கொழுப்பும் கேட்டு வாங்குகிறார். எதுவானாலும் பிசையும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். கை சூட்டில் இளகினால் கொழுப்பு கறித் துணுக்குகளின் மேல் பூசிக்கொண்டு, மயோசின் ஒன்றோடொன்று சேர விடாமல் தடுத்துவிடும். அதனால்தான் அவர் கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிசைந்து, மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார்.

கம்பியில் ஏற்றுவது கண் கொள்ளாக் காட்சி. கையைத் தண்ணீரில் நனைத்து, கறியைக் கம்பியோடு சேர்த்து அமுக்கி மேலிருந்து கீழே இழுக்கிறார். பிறகு இரண்டு விரலால் அங்குலத்துக்கு ஒரு பள்ளம் பதிக்கிறார். பள்ளத்தில் கறி மெலிந்திருப்பதால் சூடு சீக்கிரம் நடுவுக்குப் போகும். கம்பி தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உருண்டைக் கம்பியானால், திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும், கறி சுழலாது.

நெருப்பில் வைத்த முதல் அரை நிமிடம்தான் கண்டம். ஒரு பக்கம் வைத்த சில நொடிகளில் மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். கீழ்ப்பக்கக் கொழுப்பு உருகி ஓடுவதற்குள் இரு பக்கமும் வலை இறுகிவிட வேண்டும் என்ற போட்டி அது. இறுகிவிட்டால் பிறகு நிதானமாக வேக விடலாம். உள்ளே 71 டிகிரி வரை போக வேண்டும். அரைத்த கறியில் மேற்பரப்பில் இருந்த கிருமி நடுவரை கலந்திருக்கும்.

கரி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுத்தது. மூட்டத்திலேயே மரத்தின் ஈரமும் புகையும் போய்விடுவதால் கங்கில் சுவாலை குறைவு. கறியைச் சுடுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இந்தக் கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் கெல்வின் கணக்கு) நான்காம் அடுக்கில் ஏறும் என்பதை இயற்பியலாளர் ஸ்டெஃபான் 1879-இல் சொன்னார். 627 டிகிரியில் இருக்கும் கங்கை விசிறி 727 ஆக்கினால், வெளிவரும் வெப்பம் ஒன்றரை மடங்கு. மாஸ்டர் பக்கத்தில் பனையோலை விசிறி சும்மா கிடக்கவில்லை.

அந்தச் சூட்டில் கறியின் மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. அமினோ அமிலமும் சர்க்கரையும் சேரும் இந்த வினையை மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் விவரித்தார். ஈரமான பரப்பு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். வெங்காயத்தைப் பிழிவதற்கு இது இன்னொரு காரணம். அதே கடையில் சோறு கேட்டால், பானையின் அடியில் எண்ணெய் விட்டு வேண்டுமென்றே பிடிக்க வைத்த பொன்னிறத் துண்டு ஒன்றும் வரும். ‘தஹ்தீக்’ என்பார்கள், பானையின் அடி என்று பொருள். சின்ன வயதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை போட்டு வாங்கிய காந்தல்தான் அது.

வெந்ததும் மாஸ்டர் மெல்லிய ரொட்டியை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக் கபாபைப் பற்றுகிறார். அவ்வளவு பிடிவாதமாக ஒட்டிய கறி ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வருகிறது. இறுகிய புரதம் சுருங்கி இரும்பை விட்டு விலகியிருக்கிறது. நடுவே உருகிய கொழுப்பும் சாறும். கபாபுக்குள் கம்பி இருந்த இடம் தட்டையான குகையாகத் தெரியும். அதிலிருந்து வடியும் சாற்றைக் குடித்த அந்த ரொட்டியைத்தான், சுமாக் என்ற புளிப்புப் பழத்தின் செம்பொடி தூவி, பச்சை வெங்காயத்தோடு நான் முதலில் சாப்பிடுவேன்.