பனியைத் தின்றால் தாகம் அடங்காது

இந்த சீசனிலும் ஒரு பையன் என்னிடம் சிகிச்சைக்கு வந்துவிட்டான். இமயமலைக்கு ட்ரெக்கிங் போனவன். வலது காலில் இரண்டு விரல் கன்னங்கரேலென்று காய்ந்து கிடந்தன. தண்ணீர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்டேன். "பாட்டில் காலி சார். சுத்தி பனிதானே, அள்ளித் தின்னேன்" என்கிறான். கால் மரத்ததும் கூட வந்தவர்கள் அதே பனியை வைத்துப் பரபரவென்று தேய்த்தும் விட்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது எனக்கு.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் பனிமலையில் நடந்த விமான விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: செத்தவர்களின் சதையைத் தின்றார்களாமே? ஆமாம், தின்றார்கள், வேறு வழியில்லை. 1972 அக்டோபர் 13 அன்று உருகுவே நாட்டு ரக்பி அணியோடு சிலி நோக்கிப் போன விமானப்படை விமானம் அது. ஏறியவர்கள் 45 பேர். 72 நாள் கழித்து உயிரோடு மீண்டவர்கள் 16. ஆனால் அத்தனை நாளும் அவர்கள் எதைக் குடித்தார்கள் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே!

சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்கிறீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் தரும் பனியை உருக்க மட்டும் 80 கிலோகலோரி வேண்டும். அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 37. பூஜ்யத்துக்குக் கீழே உறைந்த பனியென்றால் அதற்கும் மேல். அடுப்பு இல்லாத இடத்தில் இத்தனை சூட்டையும் கொடுப்பது உங்கள் உடம்புதான், அதுவும் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பு. புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. குவளை நிறைய அள்ளி வாயில் போட்டாலும் தேறுவது ஒன்றிரண்டு வாய் தண்ணீர். இதற்கு நடுவே உயரத்தின் வறண்ட காற்று மூச்சுக்கு மூச்சு ஈரத்தை உறிஞ்சும். குளிரில் சிறுநீர் கூடும், தாகமோ தெரியாது. நீர் குறைந்த உடம்பில் விரல்நுனிக்கு ரத்தம் போவதும் குறையும். அந்தப் பையனின் விரல் கறுத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

ஆண்டிஸில் ஃபிட்டோ ஸ்ட்ராச் என்ற இளைஞர் இருக்கையிலிருந்து உலோகத் தகட்டைக் கழற்றி, வெயிலில் வைத்து, மேலே பனியைப் பரப்பினார். உருகிச் சொட்டியதைக் காலி ஒயின் பாட்டில்களில் பிடித்தார்கள். உருக்கும் வேலையை உடம்புக்குத் தராமல் சூரியனுக்குத் தந்தார்கள், அவ்வளவுதான். விமானி அறையின் வெயில் மறைப்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி செய்துகொண்டதும் அவர்தான். இல்லாவிட்டால் பனிவெளிச்சம் கண்ணைப் பறித்திருக்கும். உடைந்த விமானத்தின் திறந்த பக்கத்தைப் பெட்டிகளையும் இருக்கைகளையும் அடுக்கிக் காற்றுக்கு அடைத்தார்கள். கடைசியில் உதவி தேடிப் பத்து நாள் நடந்த இருவரில் ரொபெர்ட்டோ கனெஸா அப்போது மருத்துவ மாணவர், பின்னாளில் குழந்தைகளுக்கான இதய மருத்துவர். எங்கள் ஆள் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பனிக்கடி பட்ட, அதாவது குளிரில் உறைந்து மரத்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். உறைந்த தசையைப் பனித்துகள் அரத்தால் ராவுவது போல ராவிவிடும். நெருப்பிலும் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் முக்குங்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரம் குடித்தால் சூடு வரும் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடுபோலத் தோன்றும், உள்ளே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம், தயவுசெய்து அடுப்பும் எரிபொருளும் கணக்குப் பார்த்து எடுத்துப் போங்கள். சமைக்க மட்டுமல்ல, பனி உருக்கவும் வேண்டும். பாட்டிலை அடித்தட்டு வரை காலி செய்யாதீர்கள், கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் பனியைப் போட்டுக் கோட்டுக்குள் வைத்து நடங்கள், சீக்கிரம் உருகும். இரவில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும், காலையில் மூடிப் பக்கமாவது திறக்கும்.