நாய் கடித்தால் சட்டம் யாரைக் கேட்கும்?

ராட்வீலர், பிட்புல் வளர்க்க அரசு தடை போட்டுவிட்டதாமே என்று பாளையங்கோட்டைப் பக்கம் இன்னமும் கேட்கிறார்கள். நடந்தது இதுதான். 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. ராட்வீலர், பிட்புல், கங்கால், கேன் கோர்சோ என்று 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, குட்டி எடுத்து விற்கவோ விடக்கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. அந்தச் சூட்டில் தமிழக அரசும் அதே பட்டியலை வைத்து ஓர் உத்தரவு போட்டது, உடனே பின்வாங்கியது.

அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லைக்குள் உரிமத்துக்குத் தனி விதி வைக்கலாம். அதனால் குட்டி வாங்கும்முன் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆனால் நாய் வளர்க்கிற எல்லாரையும் கட்டுப்படுத்துகிற சட்டம் வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரலாம் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாதவருக்கும், அலட்சியமாக விட்டவருக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் இனத்தின் பெயரே கிடையாது. ராட்வீலருக்கும் அதே பிரிவுதான், நம் நாட்டு இனமான சிப்பிப்பாறைக்கும் அதே பிரிவுதான், தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் அதே பிரிவுதான். சட்டம் கேட்பது ஒன்றுதான்: வளர்த்தவர் என்ன செய்தார்? இதுதான் சரியான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு தோட்டத்தில், மோட்டார் ரூம் ஓரமாக கன்னி இன நாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். சங்கிலி மூன்றடி இருக்கும். அது எட்டுகிற தூரம் வரை புல் பூண்டு இல்லாமல் தரை தேய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. குடத்தோடு வந்த சின்னப் பிள்ளையைப் பார்த்ததும் சங்கிலி இறுகி, முன்னங்கால் இரண்டும் தூக்கும் அளவுக்கு அந்த நாய் பாய்ந்தது. "பகல்ல கட்டிப்போட்டாத்தான் அண்ணாச்சி, ராத்திரி நல்லா காவ காக்கும்" என்றார் தோட்டக்காரர். அவர் கெட்டவர் இல்லை, வேளாவேளைக்குச் சோறு வைக்கிறவர்தான். நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற நம்பிக்கை அது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டுவதற்கென்று வளர்த்தெடுத்த இனங்கள். உடம்பே ஓடுவதற்காக அமைந்தது. முயல் வேட்டை இப்போது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், சரி, அதில் மாற்றமில்லை. ஆனால் ஓட்டமும் இல்லாமல் மூன்றடிச் சங்கிலியில் காலத்தைக் கழிக்கிற நாய், நெருங்கி வருகிற எதைக் கண்டாலும் மிரளும், மிரண்டால் பாயும். அதைப் பார்த்துவிட்டு, கடிக்கிற ஜாதி என்று ஊர் பெயர் வைத்துவிடும்.

இதற்கும் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. அதற்கு அடுத்த வரியே நாயைப் பற்றித்தான்: வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைக்கும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி தராத உரிமையாளரும் குற்றவாளி. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். இத்தனை வருடமாக இந்தத் தொகையை உயர்த்தாமல் விட்டது பெரிய குறை.

இனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ராட்வீலரின் தாடை வலு வேறு, அது கடித்தால் காயம் ஆழம். வலுவான நாயை வைத்திருப்பவருக்குப் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடும். ஆனால் குணம் என்று வரும்போது, 2022-ல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, நாய்க்கு நாய் இருக்கிற நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. மீதியில் வளர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அது பயப்பட வேண்டியதில்லை என்று மனதில் பதியும். குழந்தைகள், சைக்கிள், குடை பிடித்து வருகிறவர், கோயில் கொடையின் மேளச் சத்தம் எல்லாவற்றையும் அப்போதே, பயமுறுத்தாமல், தூரத்திலிருந்து காட்டிப் பழக்க வேண்டும். கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. முப்பது நாளில் குட்டியைப் பிரித்து விற்பது இந்தப் படிப்பையே பறிப்பது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விற்பவர் அவசரப்படுத்தினால் அந்தக் குட்டியை வாங்காதீர்கள்.

அப்புறம், தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் உரிமையாளர் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாயின் போக்கில் திடீரென்று மாற்றம் தெரிந்தால் அடிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காது வலியும் மூட்டு வலியும்கூட நாயைச் சீற வைக்கும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

யாரையாவது கடித்துவிட்டால், எந்த நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள், வெறிநாய்க்கடி ஊசி இலவசம். ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேளுங்கள். ஒரு ஊசியோடு நிறுத்தாமல், சீட்டில் எழுதித் தருகிற தேதிகளில் எல்லாத் தவணையையும் போட்டு முடிக்க வேண்டும்.