மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன்: காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் வரும்?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை பார்த்துக்கொள்வார்கள், ஸ்கேனும் அதிலேயே போய்விடும் என்று நம்பித்தான் பலர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஆயுஷ்மான் விதிப்படி அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் வரையிலான பரிசோதனைச் செலவுதான் சிகிச்சைத் தொகைக்குள் வரும். மார்பகக் கட்டிக்கோ மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட், பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எல்லாம் வாரக்கணக்கில் முன்னாடியே முடிந்திருக்கும், அதனால் அந்தச் செலவு இதற்குள் வராது. சில பரிசோதனைகள் திட்டத்தின் பட்டியலில் தனியாகவும் உண்டு, அதனால் ஸ்கேன் எடுக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். எடுத்த பிறகு பில்லைக் காட்டிக் கேட்பது வீண் அலைச்சல்.

சரி, எந்த ஸ்கேன் உண்மையில் வேண்டும்? ஆரம்ப நிலை என்றால் இரண்டு மார்பகத்துக்கும் மேமோகிராம், கூடவே மார்பகத்துக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட். அக்குளில் நெறி கட்டியிருப்பது சந்தேகமாகத் தெரிந்தால் ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள், அங்கே எவ்வளவு வெட்டுவது என்ற முடிவே அதைப் பொறுத்துத்தான். மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கலாமா என்பதற்கும் இந்தப் படங்களில் தெரியும் அளவும் எண்ணிக்கையும் முக்கியம். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை; மார்பகம் அடர்த்தியாக இருந்து மேமோகிராமில் சரியாகத் தெரியாதபோது, கையில் தட்டுப்படும் அளவும் படத்தில் தெரியும் அளவும் ஒத்துவராதபோது, லோபுலர் வகை (பால் சுரப்பிகளில் தொடங்கும் புற்றுநோய்) என்று பயாப்சியில் வந்தால், இப்படிச் சில நிலைகளில் கேட்பார்கள்.

நோய் உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன்தான் (PET) பணத்தை விழுங்குவது. வேறு தொந்தரவு எதுவும் இல்லாத ஆரம்ப நிலைக்கு அது வழக்கமாகத் தேவைப்படாது. எழுதிக் கொடுத்தால் "எதுக்கு டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கையில் காசு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்குவது நல்லது என்பேன், கூட்டம் இருக்கும்தான். அப்புறம் எங்கே எடுத்தாலும் பிலிம், பயாப்சி ரிப்போர்ட் எதையும் தொலைக்காதீர்கள், ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்திடம் அனுமதி கேட்கும்போது அதைத்தான் அனுப்புவார்கள்.

அட்டை இன்னும் எடுக்கவில்லையா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகத்துக்கு இலவச எண் 1800 425 3993.