தொகுப்பாசிரியர் பெயரை விட்டுவிடாதீர்கள்: ஜூடித் மெரிலை முன்வைத்து ஒரு நூலகரின் வேண்டுகோள்

கல்லூரி நூலகத்தில் பட்டியலாக்கம் என் வேலை. ஆய்வு மாணவர்களின் நூற்பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். அண்மையில் ஒரு வரைவு வந்தது. பெண்கள் எழுதிய அறிவியல் புனைகதை பற்றிய ஆய்வு. நல்ல தலைப்பு, உழைப்பும் தெரிந்தது. ஆனால் முதல் இயலிலேயே, பெண்கள் 1970களில்தான் இந்தத் துறைக்குள் வந்தார்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு பத்தி தள்ளி, அமெரிக்காவில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளரும் தொகுப்பாசிரியருமான ஜூடித் மெரிலுக்கு ஒரே ஒரு வரி: எழுத்தாளர் ஃபிரெடெரிக் போலின் மனைவி, சில கதைகள் எழுதினார், பிறகு எழுத்தை விட்டுவிட்டுத் தொகுப்பு வேலைக்குப் போனார்.

இதே வரியை வேறு வேறு ஆய்வேடுகளில் பலமுறை பார்த்துவிட்டேன். ஆளுக்கு ஆள் சொற்கள் மாறுகின்றன, பிழை மாறுவதில்லை. நெறியாளர்களும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இனிமேல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 1970 கணக்கு. சி. எல். மூர் என்ற பெண்ணின் முதல் முக்கியக் கதை 1933இல் அச்சேறியது. லீ பிராக்கெட் என்ற இன்னொரு பெண் 1940இல் எழுதத் தொடங்கினார். மெரிலின் 'அது ஒரு தாய்க்கு மட்டுமே' என்ற கதை 1948 ஜூன் மாத 'அஸ்டவுண்டிங்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் வந்தது. அணுக்கதிர் வீச்சால் குழந்தைகள் உருக்குலைந்து பிறக்கும் காலம். தன் மகள் குறையே இல்லாதவள் என்று ஒரு தாய் உறுதியாக நம்புகிறாள். போர்ப்பணியிலிருந்து வீடு திரும்பும் கணவன் குழந்தையைத் தூக்கும்போது அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை என்று கண்டுகொள்கிறான். ஹிரோஷிமா நடந்து மூன்றாண்டுகூட முடியவில்லை. ராக்கெட்டும் கதிர்த் துப்பாக்கியும் நிறைந்த ஓர் இதழில் அணு ஆயுதத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர் இந்தப் பெண். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கதைகள் 1970இல் ஒரு பெரிய தொகுதியாக வந்தன. அதில் ஒரு பெண் தனியாக எழுதிய கதை இது ஒன்றுதான். இன்னொரு கதையில் மூருக்குப் பங்கு உண்டு, ஆனால் அது கணவரோடு சேர்ந்து ஒரு புனைபெயரில் எழுதியது.

1950இல் மெரிலின் முதல் நாவல் 'அடுப்படியில் ஒரு நிழல்' வந்தது. நியூயார்க்கின் மேல் அணுகுண்டு விழுகிறது. கதை நடப்பதோ புறநகர் வீடொன்றுக்குள். கணவன் எங்கே என்று தெரியாமல், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எரிவாயுவும் தண்ணீரும் என்ன ஆகும் என்று யோசிக்கும் ஒரு குடும்பத் தலைவிதான் நாயகி. 1954இல் இது தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது. பின்னால் வந்த பெண்ணிய விமர்சகர்களில் சிலர் இந்த மாதிரி வீட்டுக்குள் நடக்கும் கதைகளைக் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசாங்கம் வானொலியில் சொல்வதை நம்பலாமா என்று ஒரு பெண் சமையலறையில் நின்று முடிவெடுப்பது அரசியல்தான். 1952இல் வந்த 'பூமியின் மகள்கள்' குறுநாவலையும் படித்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் ஆறு தலைமுறைப் பெண்கள் வழியாக, விண்வெளிக் குடியேற்றத்தின் வரலாறு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது.

'போலின் மனைவி' என்பதற்கு வருகிறேன். அந்தத் திருமணம் 1948இல் நடந்தது, சில ஆண்டுகளில் முறிந்தது. மெரில் வாழ்ந்தது 74 ஆண்டுகள். 1923இல் பாஸ்டனில் பிறந்தபோது ஜூடித் கிராஸ்மன். முதல் திருமணத்தில் ஜிஸ்மன் ஆனார். அந்தத் திருமணத்தில் பிறந்த மகளுக்கு மெரில் என்று பெயர் வைத்தார். பிறகு அந்தப் பெயரையே தன் எழுத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்பாவின் பெயர் வேண்டாம், கணவன்மார் பெயரும் வேண்டாம், மகளின் பெயர் போதும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்ட பிறகு, நாம் போய் அவரைக் கணவர் பெயருக்குக் கீழே கொண்டுபோய் வைப்பது என்ன நியாயம்? தொடக்க காலத்தில் ஆண் பெயர்களில் விளையாட்டுக் கதைகளும் கௌபாய் கதைகளும் எழுதிப் பிழைத்தார். சக எழுத்தாளர் சி. எம். கார்ன்பிளத்தோடு சேர்ந்து 'சிரில் ஜட்' என்ற பெயரில் 1952இல் இரண்டு நாவல்கள். பட்டியலாக்கம் செய்பவர்கள் கவனிக்க: சிரில் ஜட் என்று தேடினால் மெரிலும் வர வேண்டும், கார்ன்பிளத்தும் வர வேண்டும். நான் பார்த்த பல பட்டியல்களில் சிரில் ஜட் யாரோ ஒரு தனி மனிதராக அநாதையாக நிற்கிறார்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டுவது 'எழுத்தை விட்டுவிட்டுத் தொகுப்பு வேலைக்குப் போனார்' என்ற அந்தப் பாதி வரி. தொகுப்பது என்றால் நாலு கதையை எடுத்துச் சேர்த்துத் தைப்பது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை.

1956 முதல் 1968 வரை மெரில் அந்தந்த ஆண்டின் சிறந்த கதைகள் என்று 12 தொகுதிகள் கொண்டுவந்தார். ஓர் ஆண்டுத் தொகுதிக்கு என்னென்ன வேலை என்று பாருங்கள். அந்த ஆண்டு வந்த துறை இதழ்கள் அத்தனையையும் படிக்க வேண்டும். மெரில் அதோடு நிற்கவில்லை. பொது இதழ்கள், இலக்கிய இதழ்கள், கவிதை, நையாண்டிக் கட்டுரை என்று துறைக்கு வெளியேயும் தேடினார். அர்ஜென்டினா இலக்கியவாதி போர்ஹெஸின் கதை இவருடைய 11ஆம் தொகுதியில் இருக்கிறது. அறிவியல் புனைகதை என்று யாரும் முத்திரை குத்தாத எழுத்தை எடுத்து, ராக்கெட் படம் போட்ட மலிவுப் பதிப்புக்குள் வைத்து, இதுவும் நம்முடையதுதான் என்று வாசகரிடம் கொடுத்தார். தேர்ந்தெடுத்த பிறகு அனுமதி வாங்க வேண்டும், எந்தக் கதைக்கு அடுத்து எந்தக் கதை என்று அடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்குறிப்பு எழுத வேண்டும். கடைசியில் அந்த ஆண்டு முழுவதையும் சீர்தூக்கும் ஒரு கட்டுரை. அதற்கும் பின்னால், தொகுதிக்குள் இடம் கிடைக்காத நல்ல கதைகளின் பட்டியல். இன்றைக்கு அந்தக் காலத்தை ஆராய்பவருக்கு அந்தப் பட்டியலைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஆனால் கதையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகும் மாணவர்கள் அந்தப் பக்கங்களைத் திருப்பியே பார்ப்பதில்லை.

தொகுப்பாசிரியர் ஒரு துறையின் எல்லையைப் போடுபவர். எது உள்ளே, எது வெளியே, யார் இன்னும் பத்தாண்டு கழித்தும் படிக்கப்படுவார் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில்தான். 1968இல் மெரில் 'இங்கிலாந்து ஸ்விங்ஸ் எஸ்எஃப்' என்ற தொகுதியைக் கொண்டுவந்தார். மைக்கேல் மூர்காக்கின் 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழைச் சுற்றி இயங்கிய புதிய பிரிட்டிஷ் எழுத்தை அமெரிக்க வாசகருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த தொகுதி அது. பாலார்ட், ஆல்டிஸ் இருக்கிறார்கள். கூடவே பமேலா ஸோலின், ஜோசஃபின் சாக்ஸ்டன், ஹிலரி பெய்லி, டாஃப்னி காஸ்டல் இருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வெப்பச் சாவையும் (ஆற்றல் எங்கும் சமமாகப் பரவி எல்லா இயக்கமும் நின்றுபோகும் முடிவு) ஓர் இல்லத்தரசியின் ஒரு நாளையும் ஒன்றாகப் பின்னிய ஸோலினின் கதையை இன்று பெண்ணிய அறிவியல் புனைகதைப் பாடத்திட்டங்களில் வைக்கிறார்கள். அதை எடுத்துத் தன் தொகுதிக்குள் வைத்தபோது மெரில் எழுத்தை விட்டுவிட்டவராகவா செயல்பட்டார்? ஒரு கதை எழுதியதற்கு ஒரு வரி கொடுப்பீர்கள், 12 ஆண்டு ஒரு துறையை வாசித்து வடிவமைத்ததற்கு ஒன்றும் கொடுக்க மாட்டீர்களா?

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். பலர் எழுதிய தொகுப்பை நாங்கள் தலைப்பின் கீழ்தான் பதிவு செய்கிறோம். தொகுப்பாசிரியர் கூடுதல் பதிவாகத்தான் வருவார். அந்தக் கூடுதல் பதிவை அவசரத்தில் போடாமல் விட்டுவிட்டால், மென்பொருளுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. அன்பளிப்பாக வரும் பெட்டிகளில் இப்படிப்பட்ட பதிவுகளை அடிக்கடி பார்க்கிறேன்: தலைப்பு இருக்கிறது, பக்க எண்ணிக்கை இருக்கிறது, விலைகூட இருக்கிறது, தொகுப்பாசிரியர் பெயரைப் போட வேண்டிய 700 என்ற எண்ணுள்ள புலம் மட்டும் காலி. தொகுப்பாசிரியராக ஆண்களும்தான் இருக்கிறார்கள். ஆனால் ஆண்களுக்கு வேறு பத்து இடத்தில் பெயர் பதிந்திருக்கும். பெண்களின் உழைப்பில் பெரும்பகுதி இந்த மாதிரி இடங்களில் இருப்பதால், இங்கே விட்டால் அவர்களை வேறெங்கும் பிடிக்க முடியாது.

மெரிலின் மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் எழுத்தாளர்கள் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ் ஆகியோரோடு சேர்ந்து பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கினார். 1960களின் பிற்பாதியில் 'ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் நூல் மதிப்புரை எழுதினார். வியட்நாம் போரும் 1968இல் சிகாகோவில் போராட்டக்காரர்கள் மேல் விழுந்த தடியடியும் பொறுக்காமல் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

டொரன்டோவில் அவர் செய்த ஒரு காரியம் என் போன்றவர்களுக்கு மிக முக்கியமானது. 1970இல் தன் சொந்தச் சேகரிப்பு, ஏறத்தாழ 5,000 நூல்களும் இதழ்களும், நகரப் பொது நூலகத்துக்குக் கொடுத்தார். அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு தனிப் பிரிவு அதிலிருந்து பிறந்தது. பின்னாளில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மெரில் சேகரிப்பு இன்றும் டொரன்டோவின் காலேஜ் தெருவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்கலாம். மலிவுத் தாளில் அச்சான பழைய இதழ்களைக் குப்பை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு நகர நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். நூலகர்களாகிய எங்களுக்கே அது அவ்வளவு எளிதில் நடக்காது. 1985இல் கனடிய அறிவியல் புனைகதையின் முன்னோடித் தொகுதியான 'டெஸரக்ட்ஸ்' நூலையும் அவர்தான் தொகுத்தார். எழுத்தை விட்டுவிட்டவர் என்று சொன்னீர்களே, அவர்தான்.

அவர் 1997இல் இறந்தார். பாதியில் நின்ற தன்வரலாற்றைப் பேத்தி எமிலி போல்-வியரி முடித்து 2002இல் வெளியிட்டார், அடுத்த ஆண்டு அதற்கு அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருது கிடைத்தது.

சரி, இனி செய்ய வேண்டியவை.

ஆய்வு மாணவர்களே, ஒரு கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்தால் தொகுப்பாசிரியர் பெயரை நூற்பட்டியலில் கட்டாயம் எழுதுங்கள். அட்டையை நம்பாதீர்கள், உள்தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். கதையை மட்டும் நகலெடுக்காமல் முன்னுரையையும் முன்குறிப்பையும் பொருளடக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெண்கள் எப்போது வந்தார்கள் என்று ஒரு ஆண்டைப் போடும் முன், அந்த ஆண்டுக்கு முந்தைய இதழ்களின் பொருளடக்கத்தை ஒருமுறையாவது புரட்டுங்கள். பமேலா சார்ஜென்ட் தொகுத்த 'விமன் ஆஃப் வொண்டர்' 1975இல் வந்தது என்பதால் எல்லாமே அப்போதுதான் ஆரம்பித்தது என்று எழுதிவிடுகிறீர்கள். அந்த நூலுக்குள்ளேயே 1948ஆம் ஆண்டின் மெரில் கதை இருக்கிறது, திறந்து பாருங்கள். மெரில் தனியாக எழுதிய அறிவியல் புனைகதைச் சிறுகதைகள் அனைத்தையும் நெஸ்ஃபா பிரஸ் ஒரே நூலாகப் போட்டிருக்கிறது. மதிப்புரைகளையும் ஆண்டுக் கட்டுரைகளையும் பெண்ணிய அறிவியல் புனைகதைக்கென்றே இயங்கும் அக்வடக்ட் பிரஸ் நூலாக்கியிருக்கிறது. உங்கள் நூலகத்தில் இல்லை என்றால் பரிந்துரைப் படிவம் எழுதிக் கொடுங்கள். படிவம் வந்தால்தான் எங்களால் கேட்டு வாங்க முடியும்.

நெறியாளர்களே, உங்களிடம் சண்டை போட வரவில்லை. ஒரு பெண் எழுத்தாளரை மாணவர் யாருடைய மனைவி என்று அறிமுகம் செய்தால், அந்த வரியைச் சுழித்து, அவர் எழுதிய நூல் எது, தொகுத்த நூல் எது என்று கேளுங்கள். அது போதும்.

சக நூலகர்களே, கோஹா நூலக மென்பொருளில் ஒரு தொகுப்பை ஏற்றும்போது இன்னும் ஒரு நிமிடம் செலவழியுங்கள். தொகுப்பாசிரியர் பதிவு, முடிந்தால் பொருளடக்கக் குறிப்பு. வேறொரு நூலகத்தின் பதிவை அப்படியே இறக்கினால் அதில் விடுபட்டது நம்மிடமும் விடுபடும், அதனால் நூலைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புனைபெயர்களுக்குக் குறுக்குக் குறிப்பு போடுங்கள்.

அப்புறம், வீட்டில் பழைய புத்தகமும் இதழும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர் ஒருவர் காலமானதும் அலமாரியை அப்படியே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு நூலகத்துக்கு ஃபோன் செய்யுங்கள். தலைப்புகளைப் படம் எடுத்து அனுப்பினால்கூடப் போதும், எது தேவை என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். அட்டை கிழிந்திருந்தாலும், பூச்சி கொஞ்சம் அரித்திருந்தாலும் பரவாயில்லை. அம்மாவோ பாட்டியோ ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். யார் எழுதியது என்று ஒரு தாளில் குறித்து உள்ளே வைத்துக் கொடுங்கள், பதிவில் சேர்த்துக்கொள்கிறோம்.