பெரிய டிஸ்க் போட்டாச்சு, சரி. பிரேக் ஆயில் மாத்தினீங்களா?

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே முடிந்த மறுநாள் காலை ஒரு ஹேட்ச்பேக்கை டோயிங் வண்டியில் ஏற்றிவந்து ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கினார்கள். முன்னால் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் நாலு பிஸ்டன் கேலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க், ஸ்டீல் பின்னல் ஹோஸ். இதைத்தான் பெரிய பிரேக் கிட் என்கிறார்கள். எல்லாம் புத்தம் புதுசு. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் மெயின் ஸ்ட்ரெயிட் முடியும் இடத்தில் தம்பி பிரேக்கை மிதிக்க, பெடல் தரையைத் தொட்டிருக்கிறது. வண்டி ட்ராக்கை விட்டு இறங்கி மண்ணில் புதைந்து நின்றதால் பிழைத்தார். பானெட்டைத் தூக்கி ரிசர்வாயர் மூடியைத் திறந்தேன். உள்ளே பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் கிடந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டால், "வாங்கினதிலேர்ந்து அதேதாண்ணா. கிட் போட்ட இடத்துல ஏர் எடுத்துட்டு மேல கொஞ்சம் ஊத்தினாங்க" என்கிறார். வண்டிக்கு வயது நாலு வருஷம்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

பிரேக்கை மேம்படுத்துவதற்கு நான் எதிரி இல்லை. அந்த வேலையைச் செய்துதான் சம்பாதிக்கிறேன். ஆனால் "கிட் போட்டாச்சு, இனிமே பிரேக் சூடாகாது" என்ற நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ட்ராக்கில் நடக்கிற பாதி விபரீதத்துக்கு இந்த நினைப்புதான் காரணம். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிரைவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி 160 கிமீ வேகத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் 60-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். காற்றின் எதிர்ப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த நாலைந்து விநாடியில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல். அதில் 70 சதவீதம் போல முன் சக்கரங்களுக்குப் போகும். ஒரு பக்க டிஸ்க்குக்கு மூன்றரை லட்சம் ஜூல். கம்பெனி டிஸ்க் 5 கிலோ இருந்தால், ஒரே மிதியில் அதன் வெப்பநிலை கிட்டத்தட்ட 150 டிகிரி ஏறும். அதுவே 8 கிலோ டிஸ்க் என்றால் 90 டிகிரி சொச்சம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இந்த வித்தியாசத்தைத்தான். ஏறுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் முழுசாக ஆறுவதும் இல்லை. மிச்சமிருக்கும் சூட்டின் மேல் அடுத்த 90 ஏறி உட்காரும், அதற்கு மேல் இன்னொன்று. பெரிய டிஸ்க்கின் நடுவே காற்றோடும் பாதை அகலமாக இருக்கும், அதனால் கொஞ்சம் சீக்கிரம் ஆறும், உண்மைதான். அதனால் உங்களுக்குக் கிடைப்பது கூடுதலாகச் சில லேப். எத்தனை லேப் என்பது வண்டியையும் ஓட்டுகிறவரையும் பொறுத்தது.

வண்டியின் எடை மாறவில்லை, வேகம் மாறவில்லை என்றால் உண்டாகிற மொத்தச் சூடும் மாறப்போவதில்லை. உண்மையில் கூடத்தான் செய்யும். புது பிரேக் தரும் தைரியத்தில் இன்னும் வேகமாக வந்து, இன்னும் தாமதமாக மிதிப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. ரோட்டில் 60-ல் வந்து சிக்னலில் நிற்கிற பழக்கத்தை வைத்து ட்ராக் பிரேக்கை எடை போடாதீர்கள். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக் 2.1 கிமீதான், இருங்காட்டுக்கோட்டை 3.7 கிமீ. சின்ன ட்ராக்தானே என்று நினைக்க வேண்டாம். லேப் சின்னது என்றால் அதே வளைவு சீக்கிரம் திரும்பி வரும், நடுவில் ஆற நேரம் குறையும்.

பெரிய பிரேக் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்பது இன்னொரு கதை. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிற அளவுக்கு உங்கள் பழைய பிரேக்கே டயரைப் பிடிக்கிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். பெரிய கிட் எதற்கென்றால், பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரி இருப்பதற்கு. முன்னால் மட்டும் பெரிய பிஸ்டன்களை மாட்டி, பின் பிரேக்கையும், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் கணக்கில் எடுக்காமல் விட்டால் பெடல் ஆழமாகப் போகும், பின் சக்கரம் செய்யவேண்டிய வேலையும் குறைந்துவிடும். அப்படிப் போட்ட வண்டி முன்னைவிட நீண்ட தூரம் ஓடி நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆயிலுக்கு வருவோம். டிஸ்க்கின் சூடு அதை உரசிப் பிடிக்கும் பேடுக்குப் போகும், பேடின் இரும்புத் தகடு வழியாக பிஸ்டனுக்கு, அங்கிருந்து ஆயிலுக்கு. ஆயில் கொதித்தால் பெடல் போச்சு. பிரேக் ஆயிலின் தரத்தைக் குறிப்பது டாட் என்ற எண். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. இவை மூடி திறந்த அன்றைய எண்கள். இந்த ஆயில் ஈரத்தை இழுக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 4-க்குத் தரநிர்ணயம் கேட்பதே 155 டிகிரிதான், டாட் 3-க்கு 140. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ரிசர்வாயர் மூடியின் மூச்சுத்துளை வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சென்னைக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாலு வருஷ ஆயிலை வைத்துக்கொண்டு, 500 டிகிரிக்குப் போகிற டிஸ்க்குக்குப் பக்கத்தில் உயிரை அடகு வைக்கிறீர்கள்.

ரேஸுக்கென்றே வரும் டாட் 4 ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும். நீங்கள் போட்ட கிட்டின் விலையில் அது ஒரு துளி. ஆனால் மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும். நாலு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்து, பழையது போய்ப் புதுசு வரும்வரை விட வேண்டும். திறந்து பாதி வைத்த பாட்டிலை அடுத்த ட்ராக் டேக்கு எடுத்துவைப்பது வீண். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கோன். டாட் 5.1-க்கு அண்ணன் என்று நினைத்து அதைக் கலந்துவிடாதீர்கள், இரண்டும் சேரவே சேராது.

பெடல் எப்படி ஏமாற்றியது என்பதை நினைவு வைத்துக்கொண்டு வந்து சொன்னால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பெடல் கெட்டியாக, உயரத்திலேயே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேடு தாங்கவில்லை. பெடல் மெத்தென்று உள்ளே அமுங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. ஆறியதும் பெடல் திரும்ப மேலே வந்துவிடும், அதுதான் ஆபத்தே. "இப்ப நல்லா இருக்குண்ணா" என்று அடுத்த செஷனுக்குப் போய்விடுகிறார்கள். ஒருமுறை கொதித்த ஆயிலை எடுத்துவிட்டுப் புதுசு போடாமல் அந்த வண்டி ட்ராக்குக்கு மட்டுமல்ல, பெங்களூர் ஹைவேயில் வீட்டுக்குப் போகக்கூட லாயக்கில்லை.

பேடு விஷயத்தில் ஒரு உண்மை. ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பேடு என்று விற்பதெல்லாம் சமரசம்தான். சாதாரண பேடுகள் 350, 400 டிகிரியைத் தாண்டும்போது பிடிப்பை இழக்கத் தொடங்கும். ட்ராக் பேடு 600-க்கு மேலும் பிடிக்கும். ஆனால் காலையில் பால் வாங்கப் போகும்போது, ஆறிக் கிடக்கும் அதே பேடு சரியாகப் பிடிக்காது, கத்தும், டிஸ்க்கைத் தின்னும். ட்ராக்குக்குத் தனி செட் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம். அந்த ஹேட்ச்பேக்கின் பேடைக் கழற்றியபோது ஓரம் முழுக்கச் சாம்பல் வெள்ளை, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பின்தகட்டின் பெயின்ட் பொரிந்து, பிஸ்டனை மூடும் ரப்பர் பூட் ஒரு பக்கம் உருகி ஒட்டியிருந்தது. டிஸ்க்கில் துளைக்குத் துளை மெல்லிய கீறல்கள். இதனால்தான் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் துளை போட்டதை ட்ராக்குக்கு வேண்டாம் என்கிறேன். பார்க்க அழகு, விரிசல் ஆரம்பிப்பது அங்கிருந்துதான். கோடு வெட்டிய டிஸ்க்கோ, ஒன்றுமே இல்லாத கனமான டிஸ்க்கோ போதும்.

பாதி தேய்ந்த பேடோடு ட்ராக்குக்கு வராதீர்கள். "இன்னும் பாதி இருக்கே" என்பார்கள். பேடு மெலிய மெலிய டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கிற தடுப்பும் மெலிகிறது, ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

பின் பிரேக்கை யாரும் பார்ப்பதே இல்லை. நம்மூர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றில் பின்னால் டிரம். கழற்றி லைனரையும் வீல் சிலிண்டர் கசிவையும் பாருங்கள். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை ஆன் செய்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: வளைவில் வண்டியை இழுத்துப் பிடிக்க அது உங்களைக் கேட்காமலே தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போடும். நீங்கள் மிதிக்காத பிரேக்கும் சூடாகிக்கொண்டிருக்கும். அதற்காக புதியவர்கள் அதை அணைக்க வேண்டாம். செஷனைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் ஹோஸ் போட்டவர்கள் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையிலும் ஹோஸ் எங்காவது உரசுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹோஸ் பெடல் உணர்வைக் கூட்டும், ஆயிலின் கொதிநிலையை ஒரு டிகிரிகூட உயர்த்தாது.

ட்ராக்கில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் லேப்பில் பிரேக்கைப் பதமாகச் சூடேற்றுங்கள். ஓட்டும்போது மிதித்தால் முழு பலத்தோடு மிதித்து விட்டுவிடுங்கள், காலை மேலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். பெடல் கொஞ்சம் நீளுகிறது என்று தோன்றிய அந்த லேப்பிலேயே உள்ளே வாருங்கள், இன்னும் ஒரு லேப் என்ற பேச்சே வேண்டாம். கடைசி லேப் முழுவதும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், பிரேக் பெடலில் காலை வைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். கியரில் போட்டு டயருக்குக் கட்டை வையுங்கள், முடிந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். காற்று இல்லாமல் நிற்கும்போதுதான் டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குள் இறங்கும். பிட்டில் நிற்கும்போதே ஆயில் கொதித்து, அடுத்த செஷனின் முதல் வளைவில் பெடல் போன வண்டிகள் உண்டு. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பிட் லேனிலேயே ஒருமுறை மிதித்துப் பாருங்கள். ஓடும்போது பெடல் போய்விட்டால் வேகமாக இரண்டு மூன்று தடவை மிதித்து விடுங்கள், கியரைக் குறையுங்கள், ட்ராக்குக்கு வெளியே காலியாக விட்டிருக்கும் ரன்-ஆஃப்புக்கு நேராகப் போங்கள். வளைவை எப்படியாவது எடுத்துவிடலாம் என்று மட்டும் முயற்சிக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறவர்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் கவரேஜ் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு ட்ராக் டே என்றால் வண்டியை வியாழனுக்குள் கொண்டுவாருங்கள். புது பேடு போட்டால் அதை டிஸ்க்கோடு படிய வைக்க வேண்டும். காலி ரோட்டில் 80-லிருந்து 20 வரை எட்டு பத்து தடவை அழுத்தி இறக்கி, எங்கேயும் முழுசாக நிறுத்தாமல், பிறகு நன்றாக ஆறவிட்டுத்தான் உங்கள் கையில் கொடுப்பேன். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்து "அண்ணா, பேடு மட்டும் மாத்திக் குடுங்க, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்று நிற்காதீர்கள். மாட்டித்தர மாட்டேன்.