காம்ப்ளிகேஷன்: பக்கவிளைவா, சிக்கலா?

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு டீக்கடை. குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், நாலாக மடித்த ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். கணவருக்குத் தாடையில் புற்றுநோய், மறுவாரம் ஆபரேஷன். "காம்ப்ளிகேஷன் வரலாமாம். பக்கவிளைவுன்னு பையன் சொல்றான். மாத்திரைய மாத்திட்டா சரியாப் பூடும் இல்ல தம்பி?"

பூடாது. பக்கவிளைவு என்பது சிகிச்சையோடு கூடவே வருவது. கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் வாய் உலர்கிறதே, அது பக்கவிளைவு. குரல்வளையை முழுவதும் எடுத்தபின் பழைய குரல் போய்விடுவது பக்கவிளைவிலும் சேராது, காம்ப்ளிகேஷனிலும் சேராது. அது தெரிந்தே ஏற்கும் விளைவு. ஆனால் அதே ஆபரேஷனுக்குப் பிறகு உள்தையல் விட்டு, எச்சில் கழுத்துப் புண் வழியாகக் கசிந்தால் அதுதான் காம்ப்ளிகேஷன். ஆறவேண்டியது ஆறாமல் வழி தவறிப் போவது. சீழ் பிடிப்பது, ரத்தம் கசிவது, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய சதை ரத்த ஓட்டமின்றிக் கறுப்பது எல்லாம் இதில்தான் வரும்.

லத்தீனில் 'காம்ப்ளிகாரே' என்றால் சேர்த்து மடித்தல். தமிழில் இதற்குச் சரியான சொல் சிக்கல். தலைமுடிச் சிக்கு, நூல் சிக்கு, வாசலில் போடும் சிக்குக்கோலம் எல்லாம் ஒரே வேர். அங்கே மடிப்பு, இங்கே முடிச்சு. படம் ஏறக்குறைய ஒன்றுதான். மலச்சிக்கல் என்று வீட்டில் நாள்தோறும் சொல்கிறோம், ஆகவே யாருக்கும் புதிய சொல்லும் இல்லை.

சரி, ரிஸ்க்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? ஆபத்து என்றால் கண்முன் வந்து நிற்பது போல ஒலிக்கிறது, கேட்பவர் பயந்துவிடுவார். இடர் பொருந்தும். பழந்தமிழில் அது துன்பம். 624-ஆம் குறளில் 'இடர்ப்பாடு' இருக்கிறது. இன்றைய கலைச்சொல்லில், வரக்கூடிய துன்பம் எந்த அளவுக்கு வரலாம் என்பது. பேரிடர் நமக்குப் பழகிவிட்டது, இடர் மட்டும் ஏன் கூடாது?

அதை முன்கூட்டி மதிப்பிடுவது இடர் கணிப்பு. கணி என்ற வேரில் கணக்கும் உண்டு, கோள் பார்த்துச் சொல்லும் கணியனும் உண்டு. இங்கே கணக்குதான். வயது, ரத்தசோகை, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, சர்க்கரை, முன்பு கதிர்வீச்சு வாங்கிய கழுத்தா, ஆபரேஷன் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பார்கள். மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியின் உடல்நிலையை வகுப்பாகப் பிரிக்கும் அமெரிக்க முறை 1941-லிருந்தே இருக்கிறது. நூற்றில் இருபது என்று கணிப்பு சொன்னால், இவரைப் போன்ற நூறு பேரில் இருபது பேருக்குச் சிக்கல் வரலாம் என்று பொருள். இவருக்கு வந்தே தீரும் என்பதல்ல.

புகையும் அந்தக் கணக்கில் உண்டு என்று சொன்னதும் அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தாளு பீடிய இன்னிக்கே நிறுத்தணும்" என்று எழுந்தார்.